வீட்டுக் கணக்கும் வேத வசனமும்: வாசகர் கேள்வி - பதில்

பணம், கடன், சொத்து பற்றி வந்த கடிதங்களை இந்த மாதம் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். பெயர்களை வெளியிடவில்லை. மேற்கோள் வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி.

கேள்வி: என் கணவருக்குச் சம்பளம் 38,000 ரூபாய். பி.எஃப். முதலியவை பிடித்தது போக 33,500 கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 9,500, மாமியாருக்கு மருந்து 4,000. "மொத்தச் சம்பளத்தில்தான் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு), அதுவும் முதல் செலவாக எடுக்க வேண்டும், தவறினால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கட்டணும்" என்று சபையில் சொன்னார்கள். போன மாதம் மோதிரத்தை அடகு வைத்து 3,800 கொடுத்தார். மாமியாரிடம் "மருந்தை அடுத்த மாதம் பார்த்துக்கலாம்மா" என்றார். இது சரியா?
(வாசகி, பாளையங்கோட்டை)

சகோதரி, உங்கள் மாமியாரின் மருந்திலிருந்தே தொடங்குவோம். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கடிந்துகொண்டது இதைத்தான். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியை "கொர்பான்", அதாவது காணிக்கை என்று சொல்லிவிட்டால் அந்தக் கடமை தீர்ந்தது என்பது அன்றைய வழக்கம். அதனால் தேவ வசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்றார் இயேசு. "தன் வீட்டாரை விசாரியாமற்போனால் அவன் அவிசுவாசியிலும் கெட்டவன்" என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. மருந்துப் பணத்தைக் காணிக்கைத் தட்டில் போடக் கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இனி கணக்கு. "முதலில் எடுப்பது" முதற்பலன், அதாவது முதல் விளைச்சல் பற்றிய கட்டளை. தசமபாகம் வேறு. லேவியராகமம் 27:32-ஐப் பாருங்கள்: ஆடுமாடுகள் மேய்ப்பனின் கோலின்கீழ் வரிசையாகப் போகும்போது பத்தாவதாக வருவதே கர்த்தருக்கு. ஐந்தில் ஒரு பங்கு கூட்டும் விதி அதற்கு முந்தின வசனத்தில் இருக்கிறது. தானியமாகக் கொடுக்க வேண்டியதை மீட்டுக்கொள்ள விரும்புகிறவனுக்கான விதி அது. தாமதமானால் கட்டும் அபராதம் இல்லை.

மொத்தச் சம்பளமா, கைக்கு வருவதா என்று வேதத்தில் எங்கும் இல்லை. அங்கே பேசப்படுவது விளைச்சல். பி.எஃப். பணம் ஓய்வின்போது கைக்கு வருவதால் அப்போது கணக்கில் சேர்த்தால் போதும். இப்போதே கொடுத்துவிட்டால், பிறகு அதே தொகைக்கு மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. ஆக உங்கள் வீட்டில் பத்தில் ஒன்று 3,350. கடை வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாதம் 2,00,000 ரூபாய் விற்பனை, சரக்கு 1,70,000, வாடகையும் கரண்டும் 12,000 என்றால் வருமானம் 18,000தான். விற்பனையில் பத்தில் ஒன்று 20,000. வருமானத்தையே தாண்டிவிடும்! முதலீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துக் கொடுத்துக் கடையே படுத்துவிடும். அதற்காக வீட்டுச் செலவையும் கழித்துக்கொண்டு "மிச்சம் ஒன்றுமில்லை" என்பதும் நேர்மையான கணக்கு ஆகாது.

தசமபாகங்களையெல்லாம் கொண்டுவாருங்கள் என்னும் மல்கியா 3:10-ஐ மேடையில் அடிக்கடி கேட்கிறோம். ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாகச் சாட்சியாய் வருவேன் என்று அதே தேவன் சொல்வதை எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? உபாகமம் 14:28-29-இன்படி மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் அந்தந்த ஊரிலேயே வைக்கப்பட்டது. ஆலயப் பணி செய்யும் லேவியனோடு பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்பது ஏற்பாடு.

புறஜாதி (யூதரல்லாத) சபைகளுக்குப் பவுல் எழுதியபோது சதவீதம் எதுவும் குறிப்பிடவில்லை. "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று 2 கொரிந்தியர் 8:12-இல் எழுதினார். பத்து நல்ல அளவுகோல்தான். கடன் வாங்கி அதை எட்ட வேண்டியதில்லை. சம்பளம் வந்த அன்றே, முடிகிற தொகையை, 1,000 ஆனாலும் சரி, தனிக் கவரில் எடுத்து வையுங்கள். எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணத்தை வாரத்தின் முதல் நாளில் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கும்படி 1 கொரிந்தியர் 16:2-இல் பவுல் சொன்ன முறையும் இதுவே. அடகுக் கடன் தீர்ந்த மாதம் 500 கூட்டுங்கள். வீட்டுக் கடன் குறையக் குறைய இன்னும் கூட்டுங்கள். மோதிரத்தை முதலில் மீட்டுவிடுங்கள், மாதம் ஏற ஏற வட்டி ஏறும்.

கேள்வி: புது வருஷ ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை வந்தது. அதை நம்பி வீடு வாங்க முன்பணம் கொடுக்கலாமா?
(வாசகர், மதுரை)

தம்பி, அட்டையில் இருப்பது, உங்கள்பேரில் என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் ஒரு வசனம். அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். "பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறினபின்பு" என்று வருகிறது. சிறைப்பட்டுப் போன ஒரு ஜனத்துக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. உடனே திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டிய தீர்க்கதரிசிகளை அதே கடிதம் மறுக்கிறது. அதில் ஆறுதல் இருக்கிறது, வீட்டுப் பத்திரத்துக்கான உத்தரவு இல்லை. முன்பணத்துக்குமுன் லூக்கா 14:28 போதும்: உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பாருங்கள். பத்திரப் பதிவுச் செலவு, தவணை, ஒருவர் வேலை போனால் ஆறு மாதத் தவணைக்குக் கையிருப்பு ஆகியவற்றை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: சபையில் கூடப் பாடும் சகோதரன் 5 லட்சம் வங்கிக் கடன் வாங்கும்போது, "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கணும் அண்ணே" என்று கேட்டார். ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். மூன்று தவணை கட்டவில்லை. இப்போது எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அவரோ போனை எடுப்பதில்லை. ஜெபித்துக்கொண்டு காத்திருக்கலாமா?
(வாசகர், சிவகாசி)

காத்திருக்காதீர்கள் ஐயா. வேதம் இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படச் சொல்கிறது. நீதிமொழிகள் 6:1-5-ஐ இன்றைக்கே வாசியுங்கள். சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டு, கையடித்துக் கொடுத்தாயானால் உன் வாய்மொழிகளால் சிக்குண்டாய் என்று சொல்லிவிட்டு, போய் உன்னைத் தாழ்த்தி அவனை வருந்திக் கேள், கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, வேடன் கைக்குத் தப்பும் வெளிமானைப் போல் தப்பு என்கிறது. போனில் கிடைக்காவிட்டால் வீட்டுக்கே போங்கள். கோபத்தோடு போகாதீர்கள். "உன்னைத் தாழ்த்தி" என்ற சொல் காரணத்தோடுதான் அங்கே இருக்கிறது. சண்டை பிடித்தால் அவர் இன்னும் ஒளிவார், உங்களுக்கு அவர் கூட நிற்பது தேவை.

சட்டம் எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. "முதலில் அவரிடம் வசூலியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்று வங்கியிடம் சொல்ல முடியாது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடனாகும், உங்கள் கடன் வரலாற்றிலும் அது பதியலாம். ஆகவே நோட்டீஸோடு கிளைக்குப் போய், பாக்கித் தவணை எவ்வளவு, மீதி அசல் எவ்வளவு, அபராத வட்டி எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். முடிந்தால் அவரையும் கூட்டிப் போய்த் தவணையை மாற்றி அமைக்கக் கேளுங்கள். அப்போது உங்கள் முன் நீட்டப்படும் புதுத் தாள்களை வாசிக்காமல் கையெழுத்திட வேண்டாம். கடனின் நிபந்தனையை ஜாமீன்தாரரின் சம்மதமின்றி மாற்றினால், அதற்குப் பிந்தைய பொறுப்பிலிருந்து பிரிவு 133 அவரை விடுவிக்கிறது. பல ஒப்பந்தங்களில் அந்த உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கும் வரி இருக்கும். உங்கள் தாளில் இருக்கிறதா பாருங்கள்.

நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். பலர் இங்கேதான் இரண்டாவது தடவை ஏமாறுகிறார்கள். உங்கள் கணக்கிலிருந்து நேரே அந்தக் கடன் கணக்குக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கட்டிய தொகையை அவரிடமிருந்து திரும்பப் பெற 145ஆம் பிரிவும், முழுக் கடனையும் தீர்த்தால் வங்கிக்கு அவர்மேல் இருந்த உரிமைகள் உங்களுக்கு வருவதற்கு 140ஆம் பிரிவும் இருக்கின்றன. ரசீது இல்லாமல் இரண்டும் பயன்படாது.

அவர் சொன்ன வசனம் கலாத்தியர் 6:2. மூன்று வசனம் தள்ளி, "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்று வருகிறது. பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவுக்காகப் பவுலும் ஒரு தடவை பொறுப்பேற்றார்: அவன் உனக்குக் கடன்பட்டதுண்டானால் என் கணக்கிலே வைத்துக்கொள், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று பிலேமோனுக்குத் தன் கையாலேயே எழுதினார். ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றை, தானே செலுத்துகிறேன் என்று முன்வந்தே எழுதினார். நாளைக்கு எவ்வளவு ஏறும் என்று தெரியாத கடனுக்கு நாம் கையெழுத்துப் போடுவது வேறு. அடுத்த தடவை யாராவது கேட்டால், திரும்பி வராவிட்டாலும் குடும்பம் தாங்கும் தொகை 5,000 ஆனாலும் 10,000 ஆனாலும் அதை உதவியாகவே கொடுத்துவிடுங்கள். செலுத்த ஒன்றுமில்லாதவனின் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள் என்கிறது நீதிமொழிகள் 22:27. அந்தப் படுக்கையில் உங்கள் பிள்ளைகளும் படுக்கிறார்கள்.

கேள்வி: நான் பிறந்தபோது, முப்பது வயதில் நான் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவேன் என்று அம்மா நேர்ந்தார். அம்மா இறந்துவிட்டார். எனக்கு மூட்டு வலி, நடக்க முடியாது. என் குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல். நேர்ச்சை செலுத்தாததால்தான் என்று அத்தை சொல்கிறார்.
(வாசகி, தூத்துக்குடி)

அம்மா, முதலில் குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் காய்ச்சல் உங்கள் நேர்ச்சைக் கடன் அல்ல.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1193ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது: நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். நீங்கள் நடப்பதாக நீங்கள் நேரவில்லை. நீங்களே நேர்ந்திருந்தாலும், வாக்களித்த செயலுக்குப் பதிலாக அதற்குச் சமமான அல்லது அதைவிடச் சிறந்த நற்செயலை நீங்களே வைத்துக்கொள்ள 1197ஆம் எண் இடம் தருகிறது. அதைவிடக் குறைந்த ஒன்றாக மாற்றவோ முழுதாக விலக்கவோ வேண்டுமானால் பங்குத்தந்தையைப் பாருங்கள், அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. பழைய ஏற்பாட்டிலும் இதே இரக்கத்தைப் பார்க்கிறோம். பொருத்தனையின் (நேர்ச்சையின்) மதிப்பைச் செலுத்த இயலாத ஏழைக்கு, அவனுடைய திராணிக்கேற்ப ஆசாரியன் மதிப்பிட வேண்டும் என்று லேவியராகமம் 27:8 சொல்கிறது.

அம்மாவின் நினைவாகப் போக ஆசையிருந்தால் பேருந்தில் போய் வாருங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை கூட்டம் நெரியும். மூட்டு வலியோடு அந்த நாட்களில் போக வேண்டாம்.

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்தார். 45 சென்ட் நிலம். அம்மா இருக்கிறார், இரண்டு அண்ணன்மார், நான். "உனக்குக் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, திங்கட்கிழமை வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு" என்கிறார்கள். யோசிக்கணும் என்றதற்கு, பொருளாசை பற்றி லூக்கா 12-ஐயும், விசுவாசிகள் வழக்காடக் கூடாது என்று 1 கொரிந்தியர் 6-ஐயும் காட்டுகிறார்கள். பங்கு கேட்பது பாவமா?
(வாசகி, மார்த்தாண்டம்)

பாவமில்லை, தங்கச்சி. திங்கட்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள். விடுதலைப் பத்திரம் என்பது உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது; பதிவானபின் அதை ரத்து செய்வது மிகவும் கடினம், வருஷக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும்.

அவர்கள் காட்டிய இரண்டு பகுதிகளையும் முழுவதும் வாசிப்போம். லூக்கா 12-இல் ஒருவன் வந்து, என் சகோதரன் எனக்குப் பாகம் பிரித்துக் கொடுக்கும்படி சொல்லும் என்கிறான். பங்கிடுகிறவனாக என்னை வைத்தவன் யார் என்று ஆண்டவர் விலகிக்கொள்கிறார். பங்கு கேட்டது தப்பு என்று அவர் சொல்லவில்லை. அடுத்த வசனம், "பின்பு அவர் அவர்களை நோக்கி: பொருளாசையைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள்" என்று தொடங்குகிறது. "அவர்களை" என்பதைக் கவனியுங்கள். பிடித்து வைத்திருப்பவனுக்கும் அந்த எச்சரிக்கை உண்டு. 1 கொரிந்தியர் 6:7, ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாது என்று கேட்கிறது. எட்டாம் வசனம், "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே" என்கிறது. ஏழாம் வசனத்தை, இழப்பவள் தானாக விரும்பி ஏற்கலாம். எடுத்துக்கொள்கிறவர் அவளுக்கு அதைப் போதிக்க முடியாது.

எண்ணாகமம் 27-இல் செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கும் ஆசாரியன் எலெயாசாருக்கும் முழுச் சபைக்கும் முன்பாக வந்து நின்று காணி கேட்டார்கள். அவர்கள் "பேசுகிறது சரிதான்" என்றார் கர்த்தர். அங்கே ஆண் வாரிசு இல்லை என்று அண்ணன்மார் சொன்னால், அது உண்மைதான். ஆனால் யோபு 42:15-ஐயும் காட்டுங்கள். ஏழு குமாரர் இருந்தும், யோபு தன் மூன்று குமாரத்திகளுக்கும் அவர்களின் சகோதரர் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான்.

கிறிஸ்தவர்களுக்கு இன்றைய சட்டம், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சரிசமம், மகன் மகள் வித்தியாசமில்லை. உங்கள் 45 சென்ட்டில் அம்மாவுக்கு 15, பிள்ளைகள் மூவருக்கும் தலைக்குப் பத்து. நகைக் கணக்கு? தகப்பன் உயிரோடிருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக் கூடாது என்று பிரிவு 49 சொல்கிறது. உங்கள் நகைக்கும் இது பொருந்தும், அண்ணன்மாரின் படிப்புச் செலவுக்கும் பொருந்தும்.

உங்கள் பகுதியில் இந்தப் பேச்சு இன்னும் ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தபோது, 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. ஸ்திரீதனம் (கல்யாணச் சீர்) கொடுத்துவிட்டால் அதுவும் கிடையாது. 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது என்று மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் போய்விட்டது, வீட்டுப் பேச்சில் மட்டும் அது ஓயவில்லை.

என்ன செய்வது? தாலுகா அலுவலகத்தில் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், அதில் உங்கள் பெயரும் அம்மாவின் பெயரும் இருக்க வேண்டும். மூலப்பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வாங்கி வையுங்கள். பிறகு மத்தேயு 18:15-17 சொல்லும் வரிசைப்படி போங்கள். முதலில் பெரிய அண்ணனோடு தனியே பேசுங்கள். கேட்காவிட்டால் நியாயமாகப் பேசுகிற இரண்டு பேரை, சபையில் வழக்கறிஞர் இருந்தால் அவரையும், கூட்டிப் போங்கள். பிறகு போதகரிடம் போங்கள். பேசி முடிப்பதை ஒவ்வொரு தடவையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் 15 சென்ட் அம்மா பெயருக்கே வரட்டும், வயதான காலத்தில் அவருக்கு அதுதான் பிடி. இரண்டு சென்ட்டை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க நீங்களாகவே விரும்பினால் கொடுங்கள். பங்கு எவ்வளவு என்று தெரிந்து, கணவரோடு பேசி, மனதார எடுத்த முடிவாக அது இருக்கட்டும்.

இத்தனைக்கும் இணங்காவிட்டால் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். பவுலும் தனக்கு நியாயம் தேடி இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, அபயமிட்டார் (மேல்முறையீடு செய்தார்). பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: கடையில் வேலை பார்த்தபோது கல்லாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 15,000 எடுத்தேன். இப்போது மனந்திரும்பியிருக்கிறேன். முதலாளி இறந்துவிட்டார், கடையும் இல்லை. அந்தப் பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடலாமா?
(வாசகர், திருப்பூர்)

அது கடைசி வழி தம்பி, முதல் வழி இல்லை. எண்ணாகமம் 5:6-8 இப்படி ஒரு வரிசை வைத்திருக்கிறது: செய்த பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, யாருக்குக் குற்றஞ்செய்தானோ அவனுக்குக் கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள இனத்தான் ஒருவனும் இல்லாதபோதுதான் அது கர்த்தருக்கு. உங்கள் கணக்கு 15,000, அதில் ஐந்தில் ஒன்று 3,000, ஆக 18,000. மனந்திரும்பிய ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) சகேயு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகக் கொடுத்தான், அது அவன் மனமுவந்து செய்தது.

முதலாளியின் மனைவியோ பிள்ளைகளோ எங்கே இருக்கிறார்கள் என்று பழைய பக்கத்துக் கடைகளில் விசாரியுங்கள். நேரில் போங்கள். பயமாக இருந்தால் போதகரைக் கூட்டிப் போங்கள். பெயர் போடாமல் பணத்தைத் தள்ளிவிட்டு வருவது வேண்டாம். பல வருஷமாக அந்த வீட்டார் வேறொரு வேலைக்காரரைச் சந்தேகப்பட்டிருக்கலாம், நீங்கள் வாய் திறந்தால்தான் அந்த மனிதர் மேலுள்ள பழி நீங்கும். போலீசுக்குப் போவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். அதையும் ஏற்கிற மனதோடு போங்கள். முழுத்தொகை கையில் இல்லாவிட்டால் கடன் வாங்காமல் மாதம் 1,000 வீதம் பதினெட்டு மாதம் என்று அவர்களிடமே கேளுங்கள், முதல் ஆயிரத்தை அன்றைக்கே கையில் கொண்டு போங்கள்.